வெளிச்சம்: பத்துக்குப் பத்து

காலை ஏழு மணிக்குப் பாம்பன் பாலத்தில் ஏறினால்
சூரியன் நேராக மடியில் வந்து உட்காரும்.
ஸ்டீயரிங்குக்குப் பக்கத்து ஒன்பது இஞ்சுத் திரை
அப்போது வெறும் எவர்சில்வர் தட்டு.
மேப் இல்லை, மணி இல்லை,
என் சட்டைப் பித்தானும்
யார் யாரோ தொட்ட விரல் ரேகைகளும்தான்.

வண்டி எடுத்த அன்று ஷோரூம் பையன் சொன்னான்:
'தானா கூட்டிக்கும், தானா குறைச்சுக்கும்ணே.
நீங்க தொடவே வேணாம்.'
முன்கண்ணாடி அடியில் மிளகளவு ஒரு கறுப்புப் புள்ளி,
வெளிச்சம் பார்க்கிற கண் அதுதானாம்.
தவணை அப்படியில்லை.
அது கூட்டிக்கொள்ளும்,
குறைத்துக்கொள்ளாது.

தனுஷ்கோடி சாலையில் கண் கூசும்.
இடப்பக்கம் பெண்கடல், வலப்பக்கம் ஆண்கடல்,
இரண்டுக்கும் நடுவில் சுண்ணாம்பு கொட்டியதுபோல் மணல்.
அங்கே வைத்துத்தான் பைனான்ஸ் சிகாமணி கூப்பிடுவான்.
திரையில் அவன் பெயர் வரும், வராத மாதிரி.
பின்சீட்டுச் சேலத்துக்காரர் கேட்பார்,
'யாருங்க போன்ல?'
'தெரியலைங்க, வெயில்.'
பொய்யில்லை.
அரைப் பொய்கூட இல்லை.

ஒருநாள் உச்சிவேளையில் திரை இருண்டு கிடந்தது.
தட்டினேன், துடைத்தேன்.
கச்சான் காற்றுக்குப் பறந்த பார்க்கிங் சீட்டு ஒன்று
அந்த மிளகுக் கண்ணை மூடியிருந்தது.
பாவம், வண்டிக்கு நடுமத்தியானத்தில் ராத்திரி.

எடுக்கவில்லை.
மூன்று வாரம் அங்கேயே இருந்தது சீட்டு,
மஞ்சள் வெளுத்து, தேதி அழிந்து.
ஒரு கட்டை விரல் அகல நிழல்,
எனக்குப் போதுமானதாக இருந்தது.

இன்று பகலில் ஏறிய திருப்பூர்க்காரர்
அரிச்சல்முனை இன்னும் எத்தனை கிலோமீட்டர்
என்று எக்கிப் பார்த்தார், தெரியவில்லை.
தானே விரலால் இழுத்து
வெளிச்சத்தைப் பத்துக்குப் பத்து வைத்தார்.
அந்த வெயிலுக்கு அதுவும் மங்கல்தான்.
நான் மறந்துபோனேன்.

ராத்திரி ஒன்பதரை.
ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் ஜெனோவாவின் சித்தியைப் பார்த்துவிட்டு
தங்கச்சிமடம் திரும்புகிறோம்.
உச்சிப்புளி தாண்டியதும் தெருவிளக்கு தீர்ந்தது.
காருக்குள் மட்டும்
ஐஸ் கம்பெனி வாசல்போல் வெள்ளை வெளிச்சம்.
அவள் மூக்குத்தி, டிபன் கேரியர், எக்ஸ்ரே உறை
ஒன்று விடாமல் பளபளத்தது.
முன்கண்ணாடியில் சாலை இல்லை.
எங்கள் இரண்டு முகம் மிதந்தது,
நடுவே தலைகீழாக ஒரு மேப்.

அப்போது வந்தது.
'தவணை சிகாமணி 14ஆம் தேதி.'
நான்தான் அப்படிப் போட்டு வைத்திருந்தேன்,
மறந்துவிடக் கூடாதென்று.
அவள் வாசிப்பதைக் கண்ணாடியில் பார்த்தேன்.
மணி அடித்து ஓயும்வரை
இரண்டு பேரும் சாலையைப் பார்ப்பதுபோல் இருந்தோம்.

'இன்னிக்கு இருபத்தொண்ணு' என்றாள்.

பிறகு,
'முதல்ல இதைக் குறைங்க. ரோடே தெரியல.'
அவளே கை நீட்டி இழுத்தாள்.
ஏழு. நாலு. ஒன்று.
கண்ணாடியிலிருந்து எங்கள் முகம் போயிற்று.
அது இருந்த இடத்தில்
பின்விளக்கு இல்லாமல் ஓர் உப்பு லாரி,
குத்தவைத்து டயர் கழற்றுகிறவனின் பனியன்.
பிரேக் மிதித்து, விலகி, போனோம்.

மண்டபம் வரை கண் பழகிக்கொண்டே வந்தது.
உடைமரம் மரமாயிற்று,
மைல்கல்லில் எண் வந்தது.
பாலத்தில் ஏறியபோது
பெண்கடல் பக்கம் விசைப்படகு விளக்குகள்.
எண்ணுகிறாள் என்று நினைத்தேன்.

'எத்தனை மாசம்?'

இருட்டில் சொல்வது
நான் பயந்த அளவு கஷ்டமாக இல்லை.
'மூணு. இதோட சேத்தா நாலு.'

அவள் பார்க்கிங் சீட்டை எடுத்தாள்.
பின்பக்கம் எழுத இடமிருந்தது.
பைக்குள் பேனா தேடினாள், கிடைத்தது.
'மேல லைட்டைப் போடுங்க' என்றாள்.

போட்டேன்.